அண்ணாச்சி, இந்த வாளில் என்ன எழுதியிருக்கு?

ஆடி இதழில் பத்தமடைக்காரர் ஒருவரின் பிச்சுவாவில் இருந்த நாலு எழுத்தைப் படித்துச் சொன்னேன், அவ்வளவுதான். அதிலிருந்து தபாலும் வாட்ஸப் படமுமாக வந்து குவிகிறது. நம்ம ஜில்லாவில் இவ்வளவு பழைய இரும்பு பரணில் கிடக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் ஆராய்ச்சியாளன் இல்லை. மேலப்பாளையத்தில் மதரஸாவில் அரபி படித்தவன், அப்புறம் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்சம் பாரசீகம் பழகியவன், முப்பது வருஷமாகத் துருப்பிடித்த சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பஸ் ஏறிவிடுகிறவன். வந்ததில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

எங்கள் சுடலைமாடன் கோயிலில் கொடைக்கு மட்டும் வெளியே எடுக்கும் வளைந்த வாள் ஒன்று இருக்கிறது. ‘துருக்க வாள்’ என்பார்கள். பிடிக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் எழுத்து. கட்டபொம்மன் கொடுத்தது என்று பெரியப்பா சொல்வார். இப்போது இளவட்டங்கள் சிலர், நம்ம கோயிலில் வேற்று எழுத்து எதற்கு, பட்டறையில் கொடுத்து ராவி எடுத்துவிடலாம் என்கிறார்கள். மந்திரம் ஏதாவதா, அண்ணாச்சி?
– அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

முதலில் அந்த அரத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய மூன்று படத்தில் இரண்டு பிளாஷ் அடித்து வெள்ளையாகிவிட்டது. மூன்றாவதில், ஓடம் மாதிரியான கட்டத்துக்குள் நடுவில் ஃப, த, ஹ என்று மூன்று எழுத்து தெரிந்தது. ஃபத்ஹ் என்றால் வெற்றி. வாளில் இந்த ஒரு சொல் கிடைத்துவிட்டால் முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கும் என்பது பாதி தெரிந்த மாதிரிதான். முருகன் படத்தில் ‘யாமிருக்க’ வரை தெரிந்து மீதியைச் சட்டம் மறைத்திருந்தாலும் ‘பயமேன்’ என்று வாய் தானாகச் சொல்கிறதே, அதுபோல. தேடிப் பார்த்தேன், அதேதான்: ‘நஸ்ரும் மினல்லாஹி வஃபத்ஹுன் கரீப்’. ‘இறைவனிடமிருந்து உதவியும், அருகிலேயே வெற்றியும்’ என்று பொருள். குர்ஆனில் 61ஆம் அத்தியாயம், 13ஆம் வசனம். துருக்கியிலிருந்து தக்காணம் வரை வாளிலும் கேடயத்திலும் கொடியிலும் அதிகம் காணப்படும் வாசகங்களில் ஒன்று இது. சண்டைக்குப் போகிறவன் கையில் இருக்கும் சாமானில் வேறென்ன எழுதுவான்?

எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றால் திணறித்தான் போவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அரபியில் ப, த, ந போன்ற ஒலிகளுக்கான எழுத்துகள் சொல்லின் நடுவில் வரும்போது ஒரே மாதிரிப் பல்லாகத்தான் இருக்கும், மேலேயோ கீழேயோ இருக்கும் புள்ளிகள்தான் இன்னது என்று பிரித்துக் காட்டும். இரும்பில் வெட்டியவருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யாரோ காகிதத்தில் எழுதித் தந்ததைப் பார்த்து வெட்டியிருப்பார், புள்ளிக்கு இடம் இல்லையென்றால் இடம் இருக்கிற பக்கம் வைத்திருப்பார், இல்லை விட்டே இருப்பார். அதனால் வாள் படிக்கிறவனுக்கு இலக்கணத்தைவிட இப்படிப்பட்ட வழக்கமான வாசகம் முப்பது நாற்பது மனப்பாடமாக இருப்பதுதான் உதவும்.

சரி, கட்டபொம்மன் விஷயம். வாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எழுதியிருப்பது பிரார்த்தனை, பெயர் இல்லை. பெரியப்பா சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை, எழுத்து அதற்குச் சாட்சி சொல்லாது என்கிறேன். எனக்கு வரும் பத்துக் கடிதத்தில் எட்டில் ஒரு பெரிய பெயர் கூடவே வருகிறது: கட்டபொம்மன், மருதநாயகம், திப்பு. எழுத்தில் அந்தப் பெயர் இருக்கும் என்று தேடுகிறவர்கள் உண்மையில் இருக்கும் எழுத்தைப் பார்ப்பதே இல்லை.

இந்த மாதிரி வாள் நம்ம பக்கம் வந்ததில் அதிசயமும் இல்லை. 1750களிலிருந்து ஆற்காட்டு நவாபின் ஆட்கள் திருநெல்வேலிச் சீமையில் வரி வசூலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். நவாபின் அண்ணன் மாபூஸ்கான் வந்தார், யூசுப்கான் வந்தார், நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் எதிர்த்து நின்றார். சண்டையில் விழுந்தது, பரிசாக வந்தது, விலைக்கு வாங்கியது, சம்பளப் பாக்கிக்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டது என்று ஆயுதம் கைமாற ஆயிரம் வழி. இந்து ராஜாக்களின் ஆயுதசாலைகளிலும் பாரசீக எழுத்துள்ள வாள்கள் உண்டு, நல்ல அலகு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எழுத்தை வைத்துப் பிடித்தவரின் சாதியையோ மதத்தையோ முடிவுகட்ட முடியாது. 1801 டிசம்பரில் கும்பெனி, பாளையக்காரர்கள் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டது. அதற்குப் பிறகும் ஒரு வாள் உங்கள் கோயிலில் தப்பி நிற்கிறது என்றால், யாரோ ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதை இப்போது அரத்தைக் கொண்டு அழித்தால் கும்பெனிக்காரன் செய்ய முடியாததை நாமே செய்தமாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. பிடியின் தலையில் வட்டத் தட்டு இருக்கிறதே, அதன் அடிப்பக்கத்தையும் அலகின் முதுகையும் பார்த்தீர்களா? வருஷமோ ஆள் பெயரோ இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்த கொடைக்கு எடுக்கும்போது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பிளாஷ் வேண்டாம்.

என் வாளில் ‘அமலே அசதுல்லா இஸ்பஹானி’ என்றும், பக்கத்தில் சின்னக் கட்டத்தில் ‘பந்தயே ஷாஹே விலாயத் அப்பாஸ்’ என்றும் இருப்பதாக ஒரு வியாபாரி படித்துச் சொன்னார். பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் சொந்த வாளாம். பல லட்சம் போகும் என்கிறார். கொடுக்கலாமா, வைக்கலாமா?
– தென்காசி

வியாபாரி படித்தது சரி, சொன்னதுதான் சரியில்லை.

‘அமலே’ என்றால் இன்னார் செய்த வேலை என்று அர்த்தம். அசதுல்லா இஸ்பஹான் நகரத்துக் கொல்லர், பாரசீக வாள் உலகத்தில் அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது. அதுதான் சிக்கல். அவர் பெயரும் வருஷமும் வெட்டிய வாள்களை எடுத்து வரிசையாக வைத்தால் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அந்த வருஷங்கள் அடங்காது. பிற்காலத்துப் பட்டறைக்காரர்கள் ‘இது முதல்தரம்’ என்று சொல்வதற்காகவே அந்தப் பெயரை வெட்டினார்கள், பாரசீகத்திலும் சரி, இந்தியாவிலும் சரி. டவுனில் எத்தனை அல்வாக் கடையில் ‘ஒரிஜினல்’ என்று போர்டு தொங்குகிறது, எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கதைதான்.

இரண்டாவது வரிக்கு ‘விலாயத்தின் அரசருக்கு அடிமை அப்பாஸ்’ என்று பொருள். விலாயத்தின் அரசர் என்றால் நபிகளின் மருமகன் ஹஸ்ரத் அலி. 1588 முதல் 1629 வரை ஆண்ட ஷா அப்பாஸ் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டவர், நாணயத்திலும் போட்டார். வாளில் இந்தக் கட்டம் இருந்தால் அவர் இடுப்பில் தொங்கியது என்று ஆகாது. அசதுல்லா பெயர் எங்கெல்லாம் நகலானதோ அங்கெல்லாம் இதுவும் கூடவே நகலானது.

நகல் என்பதால் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டு நகலே இன்றைக்கு நல்ல பொருள்தான். பூதக்கண்ணாடி வைத்து எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். உளியால் பள்ளம் வெட்டி, பொன்கம்பியை உள்ளே அடித்து இறக்கியிருந்தால் ஓரம் கூர்மையாக இருக்கும், கம்பி உதிர்ந்த இடத்தில் பள்ளம் தெரியும். கொஃப்த்காரி வேலை என்றால் இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நுணுக்கமான கீறல் போட்டு அதன்மேல் தங்கத் தகட்டை அழுத்தியிருப்பார்கள், அந்தக் கீறல் தெரியும். இரண்டும் இல்லாமல் அமிலத்தில் அரித்த மாதிரி பள்ளத்தின் அடி சமமாக, மேலே மஞ்சள் பூச்சாக இருந்தால், ஷோகேஸ் வாள். வியாபாரியிடம் ‘ஷா அப்பாஸ் வாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள், விலை தானாக இறங்கும்.

போனில் படம் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் ஆப் இருக்கும்போது உங்களிடம் எதற்கு அனுப்ப வேண்டும்?
– பாளையங்கோட்டை கல்லூரி மாணவர்

நியாயமான கேள்வி. அச்செழுத்துக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. இரும்பில் ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல்லை ஏற்றி அடுக்கியிருந்தால் திணறுகிறது. நானும் ஒரு கேடயத்தைக் காட்டினேன், ‘கோழி நேற்று இல்லை’ என்று வந்தது. அனுப்பாமல் இருப்பதானால் இருங்கள், எனக்கும் கண் வலிக்கிறது.

காக்கா, எங்க வாப்பாவோட உம்மா வைத்திருந்த வெள்ளி மோதிரம். சிவப்புக் கல்லில் எழுத்து செதுக்கியிருக்கிறது. ஓதத் தெரிந்த நாலு பேரிடம் காட்டினேன், அரபிதான், ஆனால் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை என்கிறார்கள்.
– காயல்பட்டினம் சகோதரி

கண்ணாடி முன்னால் நின்று காட்டுங்கள் தங்கச்சி! அது முத்திரை மோதிரம். மை தொட்டுக் காகிதத்தில் அழுத்தினால் நேராக விழவேண்டும் என்பதற்காகக் கல்லில் எழுத்தைத் திருப்பிச் செதுக்குவார்கள். நீங்கள் அனுப்பிய படத்தை போனில் இடம்வலமாகத் திருப்பினேன், அரை நிமிஷத்தில் படித்துவிட்டேன். கீழ்வரியில் ‘அப்துஹு’, அதாவது ‘அவனுடைய அடியான்’. மேல்வரியில் ஒரு பெயர். அது உங்கள் குடும்பப் பெயர்தான், இங்கே போட வேண்டாம், தனியாக எழுதியிருக்கிறேன். முத்திரைகளில் பல நேரம் கீழ்வரியில் தொடங்கி மேலே ஏற வேண்டும். மேலிருந்து படித்தால் வாலிலிருந்து தலைக்குப் போகிற மாதிரி குழம்பும். கல் அகீக் என்கிற மணிக்கல் வகை. அரக்கைக் காய்ச்சி அதில் அழுத்திப் பார்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், சூட்டில் கல் விரிசல் விடும்.

எங்கள் வீட்டுப் பித்தளைச் செல்லப்பெட்டி மூடியில் ஒரு வரி அரபி. உள்ளே பாக்குவெட்டி ஒன்று, அதன் கைப்பிடியிலும் அதேமாதிரி எழுத்து. பள்ளிவாசல் ஹஸரத் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, ‘இது அரபியே இல்லை, அர்த்தம் வரவில்லை, ஏதோ சூனியமாக இருக்கும், வீட்டில் வைக்காதீர்கள்’ என்கிறார். உம்மா பயந்துபோய் பெட்டியைக் கொல்லையில் வைத்துவிட்டார்கள்.
– குலசேகரப்பட்டினம்

பெட்டியை உள்ளே எடுத்து வையுங்கள். இந்தத் தடவை வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இரண்டு நாள் நானும் முட்டிக்கொண்டேன். அரபி அகராதியைப் புரட்டினேன், பாரசீகமாக இருக்குமோ என்று பார்த்தேன், உருதுவாக இருக்குமோ என்று பார்த்தேன். எழுத்துகளில் சிலவற்றில் நான் மதரஸாவில் பார்க்காத இடத்திலெல்லாம் புள்ளி. மூன்றாம் நாள் என் மருமகள் காபி கொண்டுவந்தபோது அலுத்துப்போய் சத்தமாகப் படித்தேன். அவள் சிரித்துவிட்டாள். ‘மாமா, தமிழ்தானே படிக்கிறீங்க?’ என்றாள்.

ஆமாம். ‘இது மகளுக்கு வாப்பா தந்தது.’ அவ்வளவுதான் மூடியில் இருப்பது.

அரபுத்தமிழ்! நம்ம கடற்கரைக்காரர்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதிய முறை. காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கை வரை புழங்கியது. அரபியில் ‘பாபா’வில் வரும் ப உண்டு, ‘பல்’லில் வரும் ப இல்லை, ட இல்லை, ண, ள, ழ எதுவும் இல்லை. அதற்காக இருக்கிற அரபி எழுத்துகளிலேயே கூடுதல் புள்ளியும் குறியும் போட்டுப் புது எழுத்து உண்டாக்கினார்கள். எ, ஒ ஒலிகளுக்கும் தனிக்குறி வைத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரிய ஆலிம்கள் மார்க்க நூல்களையே இதில் எழுதினார்கள். தமிழ் எழுத்து தெரியாத ஆனால் குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் இதில் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். இரண்டு தலைமுறைக்குள் நாம் மறந்துவிட்டு, தாய்மொழியையே சூனியம் என்று கொல்லையில் வைக்கிறோம். ஹஸரத்தைக் குறை சொல்ல வேண்டாம், எனக்கே மூன்று நாள் ஆனது.

பாக்குவெட்டியில் இருப்பதைத் தேய்மானத்தில் முழுக்கப் படிக்க முடியவில்லை. கடைசிச் சொல் ‘கவனம்’ என்று நினைக்கிறேன். விரலை வெட்டிக்கொள்ளாதே என்று மகளுக்குச் சொன்னாரோ என்னவோ.

ஆகவே கடற்கரைப் பக்கத்து வாசகர்கள் எல்லாருக்கும்: அரபி எழுத்து இருந்தும் அரபி தெரிந்தவருக்கு அர்த்தம் வரவில்லையென்றால், சத்தமாக வாசிக்கச் சொல்லி வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கத்தியின் அலகில் சின்னச் சதுரம், அதை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி. தலைகீழ் வி மாதிரி ஒன்று இருக்கிறது. பட்டறை முத்திரையா?
– வள்ளியூர்

இல்லை, காப்புக் கட்டம். தலைகீழ் வி என்பது அரபி எண்ணில் எட்டு. மற்றவை இரண்டு, நாலு, ஆறு. அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்மதிப்பு உண்டு, அப்ஜத் என்பார்கள். பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 என்று கடைப் பலகையில் எழுதுவது அந்தக் கணக்கில்தான். 2, 4, 6, 8 என்பவை ப, த, வ, ஹ ஆகிய நாலு எழுத்தின் மதிப்பு. சேர்த்தால் ‘பதூஹ்’, காப்புக்காக எழுதும் ஒரு மந்திரச் சொல். எண்ணாகவோ எழுத்தாகவோ வாளில் வெட்டுவார்கள். அரபு நாடுகளில் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று கடித உறையின் மேலும் இதை எழுதும் பழக்கம் இருந்தது. உங்கள் கத்தி பார்சலில் போகும்போதும் உதவலாம்.

தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி. குழாயில் புலிக்கோடு மாதிரி வேலைப்பாடு, அரபி எண்ணில் நாலு இலக்கம். படிக்கச் சொன்னால் 5221 என்கிறார்கள். ஹிஜ்ரி இப்போதுதான் 1400களில் நடக்கிறது, அதனால் போலி என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்புறம், துபாயில் இருக்கும் மச்சினன் ஷோகேஸில் வைக்க இதைக் கேட்கிறான்.
– ஸ்ரீவைகுண்டம்

சிரித்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், கதை இருக்கிறது.

முதலில் சாதாரணக் கணக்கு. ஆயுதத்தில் ‘சனா’ என்ற சொல்லும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் அது வருஷம், பெரும்பாலும் ஹிஜ்ரி, அதாவது கி.பி. 622இல் தொடங்கும் முஸ்லிம் ஆண்டுக் கணக்கு. ஹிஜ்ரி வருஷம் சந்திரக் கணக்கு, 354 நாள், நம்ம வருஷத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால் 622ஐ மட்டும் கூட்டினால் தப்பாகிவிடும். நூற்றுக்கு மூன்று வீதம் கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும். 1302 என்றால் 39 கழித்து 1263, அதோடு 622, ஆக 1885. ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம். எண்களைப் பார்த்து ஏமாறவும் இடம் உண்டு: சின்ன வட்டம் என்றால் நமக்குப் பூஜ்யம், அங்கே அது ஐந்து. பூஜ்யம் வெறும் புள்ளி. துருப்பிடித்த குழி ஒன்று பூஜ்யமாகி வருஷத்தையே மாற்றிவிடும், எனக்கு ஒருமுறை ஆகியிருக்கிறது. நம்ம 7 மாதிரி இருப்பது 6.

அரபி எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண் மட்டும் நம்மைப்போல இடமிருந்து வலம்தான், பெரிய இலக்கம் இடப்பக்கம். ஆனால் இதையும் மாற்றிய ஒருவர் உண்டு. திப்பு சுல்தான். அவர் ஹிஜ்ரியை விட்டுவிட்டு, நபிகள் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி என்ற ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார், எண்களையும் வலமிருந்து இடமாக எழுத வைத்தார். நாணயத்தில் பார்க்கலாம், துப்பாக்கியிலும் பீரங்கியிலும் பார்க்கலாம். உங்கள் 5221ஐத் திருப்புங்கள், 1225. இதை ஹிஜ்ரி என்று வைத்தால் 1810 வரும், திப்பு செத்துப் பதினொரு வருஷம் ஆகியிருக்கும், மறுபடியும் போலி என்பார்கள். மௌலூதியாக வைத்தால் 1797–98. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் விழுந்தார், அதே வருஷம் அக்டோபர் 16 கயத்தாற்றில் கட்டபொம்மன். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொள்ளைப் பொருள் கும்பெனிப் படையில் இருந்தவர்கள் கையோடு எங்கெங்கோ போனது.

இத்தனை சொன்னதும் உங்களுக்குத் தலைகால் புரியாமல் இருக்கும், கொஞ்சம் பொறுங்கள். புலிக்கோடு போட்டதெல்லாம் திப்பு இல்லை, போலி செய்கிறவனுக்கும் இந்தக் கணக்கு தெரியும். பூட்டுத் தகட்டில், குழாயின் அடியில், ‘ஹைதர்’ என்ற பெயர் அடித்த முத்திரை இருக்கிறதா? ‘அசதுல்லாஹில் காலிப்’, அதாவது வெல்லும் இறைச்சிங்கம் என்ற வாசகத்தைப் புலி முகம்போல வளைத்து எழுதியது ஏதும் தெரிகிறதா? அலி அவர்களுக்கான பட்டம் அது. ஹைதர் என்றாலும் சிங்கம்தான், திப்புவின் அப்பா பெயரும் அதுதான், எல்லாம் சேர்ந்து புலியாகிவிட்டது. இவை இருந்தால் நெல்லை அரசு மியூசியத்திலோ எழும்பூர் மியூசியத்திலோ நேரில் காட்டுங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் எழும்பூரில் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தாலே கண் பழகும்.

மச்சினன் விஷயம்: நடக்காது. நூறு வருஷம் தாண்டிய பொருள் 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள், தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஏர்போர்ட்டில் துப்பாக்கியோடு மாட்டினால் தொல்பொருளா என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். சுடவே முடியாத பழைய துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுடாது என்று தீர்மானிக்க வேண்டியது நீங்களும் இல்லை, நானும் இல்லை. கலெக்டர் ஆபீஸில் எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் அரிவாளுக்கே ஜீப் வருகிறது.

மொகரத்துக்கு எடுக்கும் பஞ்சாவில் விரல் விரலாக எழுத்து இருக்கிறதே?
– சங்கரன்கோவில்

பஞ்சா என்றால் ஐந்து விரல் விரித்த கை, இங்கே உலோகத்தில் செய்தது. முகம்மது, அலி, பாத்திமா, ஹசன், ஹுசைன் என்ற ஐந்து பெயர்கள்தான் பெரும்பாலும். உள்ளங்கையில் நீளமாக இருந்தால் ‘நாதி அலிய்யன்’ என்று தொடங்குகிறதா பாருங்கள், அலியைக் கூப்பிடும் ‘நாதே அலி’ என்ற பிரார்த்தனை அது.

பழைய உறைவாள், எழுத்து அழுக்கேறித் தெரியவில்லை. விளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?
– செங்கோட்டை

வேண்டாம். வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் தாத்தாவுடைய ஒரு சின்னக் கத்தி இருந்தது, தங்க எழுத்து போட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் உம்மா பித்தளைச் சாமானெல்லாம் எடுத்து முற்றத்தில் போட்டிருந்தார்கள். நானும் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கத்தியையும் எடுத்துவந்து புளி, சாம்பல், செங்கல் தூள் எல்லாம் போட்டுத் தென்னை நாரால் அரைமணி நேரம் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. வாப்பா வந்து பார்த்தார். அடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். இப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தால் தங்கம் ஒட்டியிருந்த கீறல் ஒரு ஓரத்தில் மட்டும் மிச்சம். ‘யா’ என்று ஒரு சொல் படிக்க முடிகிறது. யா என்றால் கூப்பிடுவது, ஓ என்பதுபோல. யாரைக் கூப்பிட்டார் என்பது புளியோடு போய்விட்டது.

தங்கத் தகடு மெல்லியது, புளியில் இருப்பது அமிலம், உருக்கு அலகில் இருக்கும் நீரோட்டம்போன்ற ரேகையையும் அது கெடுத்துவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பருத்தித் துணியில் தொட்டுத் தடவுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். எழுத்து தெரியவில்லையென்றால் மெல்லிய காகிதம் மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்து அனுப்புங்கள். பல நேரம் படத்தைவிட அது நன்றாகப் பேசும்.

சென்ற இதழில், பேட்டை வாசகர் ஒருவரின் வளைந்த குத்துவாள் பிடியில் இருந்த சொல்லை ‘வக்த்’, அதாவது நேரம் என்று படித்து, ‘நேரம் வாளைப் போன்றது என்ற பழமொழியின் மிச்சமாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். கடைசி எழுத்தை மறுபடி பாருங்கள். அது த இல்லை, ஃப.
– ஏர்வாடி அரபி ஆசிரியர்

பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, நான் படித்தது தப்பு. ஃப எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய வளையம் தேய்ந்து தட்டையாகிவிட்டது, புள்ளியும் இரண்டாகத் தெரிந்தது, நானும் பழமொழி ஆசையில் அவசரப்பட்டுவிட்டேன். அது ‘வக்ஃப்’. தருமமாகக் கொடுத்தது, விற்கக் கூடாதது. ஆயுதத்தை வக்ஃப் செய்வது பழைய வழக்கம்தான். எகிப்தில் அலெக்ஸாந்திரியா ஆயுதக் கிடங்குக்குக் கொடுத்ததாக அரபியில் வெட்டிய ஐரோப்பிய வாள்கள் இன்றும் பல மியூசியங்களில் இருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், பேட்டைக்காரர் அதை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டார். போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், ‘எந்த தர்காவுக்குக் கொடுத்தது என்று போட்டிருக்கா அண்ணாச்சி, அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறேன்’ என்றார். வக்ஃபுக்கு அடுத்து இருப்பது இடத்தின் பெயராகத்தான் இருக்கும், அதில் முதல் எழுத்து மட்டும்தான் நிற்கிறது. ‘ப’வாகவும் இருக்கலாம், ‘த’வாகவும் இருக்கலாம், புள்ளி போய்விட்டது. பென்சில் தேய்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஏர்வாடி ஆசிரியரே, வந்ததும் உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன்.